நுக்காதோகோவுக்கு என்ன கேடு? மூக்கால் கண்டறிந்து கையால் சரிசெய்யும் வழி

அரிசித் தவிட்டை உப்புநீரில் பிசைந்து புளிக்கவைத்து, அதற்குள் காய்களைப் புதைத்து எடுப்பது ஜப்பானிய வீட்டு வழக்கம். அந்தத் தவிட்டுப் படுகைக்கு நுக்காதோகோ என்று பெயர். அதில் ஊறி வரும் காய் நுக்காசுக்கே. 'நுக்கா' தவிடு, 'தோகோ' படுக்கை. இரவில் வெள்ளரியைப் படுக்கவைத்தால் காலையில் எழுப்பி, கழுவி, நறுக்கிச் சோற்றோடு வைத்துவிடலாம். நம் மாவடுபோல மாதக்கணக்கில் காய் உள்ளே கிடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கிடப்பது படுகைதான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஊறுகாய் கெட்டால் கொட்டிவிட்டு வேறு போடலாம். வளர்த்த படுகையைக் கொட்ட மனம் வராது. கித்தாக்யூஷு நகரின் கொகுராப் பகுதியில் பாட்டி காலத்துப் படுகையை இன்னும் கிளறிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. நூறாண்டு கடந்தவையும் அவற்றில் இருக்கின்றன. நான் அங்கே குடியிருந்தபோது மேல்வீட்டு மூதாட்டி தன் படுகையிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளித் தந்தார். முதல் கோடையிலேயே அதை மூன்று முறை சாகும் தறுவாய்க்குக் கொண்டுபோனேன். மூன்று முறையும் அது பிழைத்தது. பின்வருவன அந்தப் பாடுகளிலிருந்து தேறியவை.

நலமாக இருக்கும் படுகை

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். தவிடு 1 கிலோ, தண்ணீர் 1 லிட்டர், உப்பு 130 கிராம். உப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டுத் தவிட்டில் ஊற்றிப் பிசைய வேண்டும். மூன்று நான்கு வற்றல் மிளகாய், ஒரு விரல் நீளத்துக்குக் கொம்பு. (இந்தக் கொம்பு மாட்டுக்கு இருப்பது அன்று, உலர்ந்த கடற்பாசிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் அது.) ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. பாத்திரம் எனாமல், கண்ணாடி, பீங்கான், மரம் எதுவானாலும் சரி. அலுமினியம் மட்டும் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் கையை விட்டுப் புரட்ட இடம் இருக்காது.

நல்ல படுகையின் மணம் தயிருக்கும் புளித்த இட்லி மாவுக்கும் இடையில் இருக்கும். அடியில் தவிட்டின் இனிப்பு ஓடும். நுனிநாக்கில் வைத்தால் கடல்நீரைவிட உப்பாக இருக்கும்.

கோளாறுகளைப் புரிந்துகொள்ள அதை ஒரு மூன்று மாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் மாடியில் காற்றை விரும்பும் ஈஸ்ட் குடியிருக்கிறது. நடு மாடி லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு. காற்று குறைந்தால் அது இன்னும் சுறுசுறுப்பாகும், புளிப்பைத் தருவது அதுதான். காற்றே புகாத அடித்தளத்தில் பியூட்ரிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியா இருக்கிறது. மூவரும் அளவோடு இருந்தால் மணம். ஒருவர் வீட்டை வளைத்துக்கொண்டால் நாற்றம். தினமும் கையை அடிவரை விட்டு மேலதைக் கீழும் கீழதை மேலுமாகப் புரட்டுவதன் வேலை, ஒரே மாடியில் யாரையும் நிலைக்க விடாமல் குடிபெயர்ப்பது. 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் நாளுக்கு ஒரு முறை, கோடையில் காலையும் மாலையும்.

ஒரு வேண்டுகோள். கோளாறு தெரிந்த உடனே உப்பு, கடுகு, புதுத் தவிடு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒரு மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். இல்லாவிட்டால் எது குணப்படுத்தியது என்று உங்களுக்குத் தெரியவே வராது. அடுத்த முறையும் இதே தவிப்புதான்.

மேலே வெள்ளையாக ஆடை படிந்திருக்கிறது

அதிகம் பேரைப் பதறவைப்பது இது. ஆபத்து குறைந்ததும் இதுதான். மாவு தூவியதுபோல, அல்லது பாலாடை சுருங்கியதுபோல மெல்லிய வெள்ளைப் படலம். இது பூசணமன்று, மேல் மாடி ஈஸ்ட் பரப்பிய பாய். ஒரு நாள் புரட்ட மறந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

படலம் மெல்லியதாக இருந்தால் உள்ளே புரட்டிவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட் அடங்கிப்போகும்; படுகையின் மணத்துக்கு அதுவும் கொஞ்சம் சேர்க்கும். விரல் தடிமனுக்கு ஏறியிருந்தால் வழித்து எறிந்துவிட்டு, எறிந்த அளவுக்குத் தவிடும் அதில் பத்தில் ஒரு பங்கு உப்பும் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை இது திரும்பத் திரும்ப வந்தால் குற்றம் உப்பில் இருக்கிறது. நாக்கில் வைத்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

பஞ்சுபோல மயிர் முளைத்து, பச்சையோ கறுப்போ சிவப்போ நிறம் காட்டினால் அது வேறு கதை. பின்னால் வருகிறேன்.

பெயின்ட் கடை வாடை அடிக்கிறது

மூடியைத் திறந்ததும் நெயில் பாலிஷ் அல்லது தின்னர் வாடை. காரணம் எத்தில் அசிடேட். மேல் மாடி ஈஸ்ட் அளவுமீறிப் பெருகும்போது விடும் மூச்சு அது. வெள்ளை ஆடையைப் பல நாள் கவனிக்காமல் விட்டால் அடுத்து இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

மேலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வழித்து எறியுங்கள். மீதியை அடிவரை புரட்டி, ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி கடுகுப் பொடியும் கலந்து, மேற்பரப்பை உள்ளங்கையால் அழுத்திச் சமப்படுத்துங்கள். அழுத்துவதைச் சடங்காக நினைக்க வேண்டாம். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை அது. மேடும் பள்ளமுமாக விட்ட பரப்பில் ஈஸ்டுக்கு இரட்டிப்பு இடம். ஜப்பானியர் பயன்படுத்தும் 'கராஷி' பொடி நம் கடுகின் இனத்துக் கடுகுதான். வீட்டில் இருப்பதை வறுக்காமல் அரைத்தால் போதும்.

மெல்லிய சாராய மணம் வேறு, தின்னர் வாடை வேறு. புதுத் தவிடு நிறையச் சேர்த்த மறுநாள் கள்ளுக்கடை வாசம் லேசாக எழும். ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டொரு நாளில் தானே அடங்கும். பயந்துபோய் நாளுக்கு ஐந்து முறை கிளறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். கிளறக் கிளறக் காற்று. காற்று கூடக்கூட ஈஸ்ட். ஈஸ்ட் வாடைக்கு மருந்தென்று ஈஸ்டுக்கே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

நாள்பட்ட காலுறை நாற்றம்

மழையில் நனைந்த காலுறையை மூன்று நாள் பைக்குள் மறந்து வைத்ததுபோன்ற நாற்றம். அடித்தளத்துப் பியூட்ரிக் அமிலம். நீங்கள் மேலாகக் கிளறிவிட்டு அடியைத் தொடவே இல்லை என்பதைப் பக்கத்து வீட்டுக்கும் அறிவிக்கும்.

என் படுகைக்கு இது வந்தபோது நான் எறிந்துவிடத் தயாராக இருந்தேன். மூதாட்டி வந்தார், மோந்துபார்த்தார், சிரித்தார். "அடியில் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது, மேலே கூப்பிடுங்கள்" என்றார். முழுப் படுகையையும் ஓர் அகன்ற தட்டில் கொட்டி, கட்டிகளை உதிர்த்து, அடியில் இருந்தது மேலே வரும்படி திரும்ப அடைத்தோம். பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் அடிவரை புரட்டல், அந்த வாரத்தில் காய் எதுவும் இல்லை. நான்காம் நாள் நாற்றம் பாதியானது. ஏழாம் நாள் தயிர் வாசம் திரும்பியது. காற்றுப் பட்டால் முடங்கும் உயிர் அது, அவ்வளவே. உப்பும் குறைந்திருந்தால் ஒரு கரண்டி சேர்த்துக்கொள்ளலாம்.

பாத்திரம் ஆழமாகவும் வாய் குறுகலாகவும் இருந்தால் இந்தக் கோளாறு ஓயாது. கை முழங்கைவரை நுழைய முடியாத ஜாடியை அழகுக்காக வாங்காதீர்கள்.

'நுக்காமிசோ' என்பது இதே படுகைக்கு இன்னொரு பெயர். யாராவது சுருதி தப்பிப் பாடினால், 'நுக்காமிசோ அழுகிவிடும்' என்று ஜப்பானில் கேலி செய்வார்கள். நாற்றம் வந்த நாளில் நான் பாடவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.

பல் கூசும் புளிப்பு

கோடையில் எல்லோருக்கும் வருவது இது. லாக்டிக் பாக்டீரியா 30 டிகிரிக்கு மேல் வெறிபிடித்து வேலை செய்யும், அமிலம் குவியும். மாலையில் புதைத்த வெள்ளரி காலையில் எலுமிச்சையாகிவிடும்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, படுகை புளித்ததா, காய் அதிக நேரம் கிடந்ததா என்பது. 25 டிகிரியில் வெள்ளரிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போதும். உச்சிக் கோடையில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பதம் வந்துவிடும். கேரட்டுக்கு ஒரு நாள் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் புதைத்துச் சேர்த்து எடுத்தால் ஏதாவது ஒன்று வீணாகத்தான் செய்யும்.

நேரத்தைக் குறைத்தும் புளித்தால் கோளாறு படுகையில். மூன்று வழிகள் உண்டு. நான் இந்த வரிசையில்தான் முயல்வேன்.

குளிர்விப்பது முதல் வழி. இரண்டு மூன்று நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பாக்டீரியா மெதுவாகும். ஆனால் ஏற்கெனவே சேர்ந்த அமிலம் எங்கும் போகாது.

அதை நீர்க்கச் செய்ய, தவிடு சேர்ப்பது இரண்டாவது வழி. இதற்கு 'தாஷினுக்கா' என்று பெயர். படுகையில் கால் பங்கை எடுத்துவிட்டு அதே அளவு தவிடு. 100 கிராம் தவிட்டுக்கு 7 முதல் 10 கிராம் உப்பு. கலந்தபின் இரண்டு மூன்று நாள் காய் புதைக்காமல் ஓய்வு கொடுங்கள்.

மூன்றாவது முட்டை ஓடு. இரண்டு முட்டையின் ஓட்டில் உள்தோலை உரித்து, கொதிநீரில் போட்டெடுத்து, காயவைத்து நுணுக்கிக் கலந்தால், ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தைத் தணிக்கும். இது வேகமாக வேலை செய்யும். அதனாலேயே கடைசியில் வைத்தேன். அமிலம்தான் படுகையின் காவல்காரன். நன்கு முதிர்ந்த படுகையின் பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 4.5-க்குக் கீழே இருப்பதால்தான் கெடுதல் செய்யும் கிருமிகள் அதில் தலையெடுப்பதில்லை. காவல்காரனைக் கொஞ்சம் அதட்டலாம். வேலையை விட்டு அனுப்பக் கூடாது. சோடா உப்பு போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

தண்ணீர் கட்டிக்கொண்டு களியாகிவிட்டது

காய் உப்பை வாங்கிக்கொண்டு நீரைத் தரும். ஒரு மாதம் வெள்ளரியாகவே புதைத்தால் படுகை கஞ்சியாகும். களித்தன்மைக்கு நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது உப்புக்கு. நீர் ஏற ஏற அது நீர்த்துப்போகிறது, முன்னே சொன்ன நாற்றங்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன.

பலர் பாத்திரத்தைச் சாய்த்து நீரை வடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த நீரில் உப்பும் சுவையும் கரைந்திருக்கின்றன. உலர்ந்ததைப் போட்டு உறிஞ்சவிடுவதுதான் சிக்கனம். ஒரு துண்டு கொம்பு, இரண்டு உலர் காளான், ஒரு கைப்பிடி உலர்ந்த சோயாபீன்ஸ், முள்ளங்கி வற்றல் என்று எதுவும் ஆகும். ஊறியபின் அவற்றையே எடுத்துச் சாப்பிடலாம். முள்ளங்கி வற்றல் அப்படி ஊறினால் தனிப் பண்டம். அதற்கும் மிஞ்சினால் தாஷினுக்கா. வடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், படுகை நடுவில் குழி தோண்டி நீர் ஊறவிட்டுக் கரண்டியால் எடுங்கள். எடுத்த ஒவ்வொரு குவளைக்கும் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி உப்பைத் திரும்பக் கொடுங்கள்.

காய்க்கு உப்பு ஏறுகிறது, மணம் ஏறவில்லை

படுகை போட்டு மூன்று வாரத்துக்குள் என்றால் இது நோயே அன்று. குழந்தைப் படுகை. உப்புக் கலந்த ஈரத் தவிட்டில் புதைத்தால் உப்புக் காய்தான் வரும்.

புதுப் படுகைக்கு முதல் இரண்டு வாரம் உணவு கொடுக்க வேண்டும். முட்டைக்கோஸின் வெளி இலை, முள்ளங்கியின் தலையும் வாலும், கேரட் தோல் எனக் குப்பைக்குப் போவதைப் புதைத்து, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை எடுத்து, சாற்றைப் படுகைக்குள்ளேயே பிழிந்துவிட்டுச் சக்கையை எறிய வேண்டும். 'சுத்தேசுக்கே' என்பார்கள், எறிவதற்காகவே ஊறவைப்பது என்று பொருள். காயின் மேல் ஒட்டி வரும் பாக்டீரியாதான் படுகையின் முதல் குடிகள், அதன் சர்க்கரைதான் அவற்றின் முதல் சாப்பாடு. பொறுமையில்லாதவர்கள் பழைய படுகையிலிருந்து ஒரு பிடி வாங்கிக் கலக்கிறார்கள். உறை ஊற்றாமல் தயிர் வராது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதா?

பழைய படுகையில் இப்படி நடந்தால் குளிர்தான் காரணமாக இருக்கும். ஜப்பானின் பனிக்காலத்தில் அடுக்களையே பத்து டிகிரிக்கு இறங்கும். அடுப்புப் பக்கமாக நகர்த்தி, வெதுவெதுப்பான நாளில் எறிகாயைப் புதைத்துப் பசியாற்றுங்கள்.

கத்தரிக்காய் வெளுத்து அழுக்கு நிறமாகிறது

நுக்காசுக்கேயில் பெருமை பேசும் காய் கத்தரி. ஊறிய பின்னும் மழைமேகத்து ஊதா நிற்க வேண்டும். அந்த நிறம் நாசுனின் என்ற சாயம் ('நாசு' என்றால் கத்தரிக்காய்). நீரில் கரையும், எளிதில் வெளுக்கும். உலோக அயனி கிடைத்தால் அதைப் பற்றிக்கொண்டு நிலைத்துவிடும். ஆகவே இரண்டு வழி.

படிகாரப் பொடி ஒரு சிட்டிகையும் உப்பும் சேர்த்துத் தோல் முழுவதும் தேய்த்து, ஊதா நிறம் கையில் லேசாக ஒட்டும்வரை உருட்டிப் பிறகு புதைப்பது ஒன்று. இதில் அலுமினியம் வேலை செய்கிறது. படிகாரம் கூடினால் துவர்க்கும்.

இன்னொன்று பழைய இரும்பு ஆணி. கழுவி, ஒரு சிறு துணியில் கட்டிப் படுகைக்குள் விட்டுவைப்பார்கள். துத்தநாகம் பூசிய பளபள ஆணி வேண்டாம். இப்போது இதற்கென்றே கத்தரிக்காய் வடிவில் வார்த்த இரும்புக் கட்டியே கடையில் விற்கிறது. 'தவிட்டில் அடித்த ஆணி' என்று ஜப்பானியத்தில் ஒரு பழமொழி உண்டு. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் அதைச் சொல்வார்கள். பழமொழி செய்தவர் கத்தரிக்காய் ஊறப்போட்டதில்லை போலும்.

நிறம் கெட இன்னொரு காரணமும் உண்டு. வேறெதற்கும் பலன் இல்லையென்றால் அதைப் பாருங்கள். நறுக்கி வைத்த கத்தரி காற்றில் தானே கறுக்கும். சாப்பிடும் வேளையில் நறுக்குங்கள்.

பச்சைத் தவிட்டிலேயே காறல் வாடை

இங்கே படுகையைக் குறைசொல்லக் கூடாது. தவிட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். நாம் தவிட்டெண்ணெய் எடுப்பதும் அதனால்தான். அரிசியைத் தீட்டிய கணம் முதல் தவிட்டிலுள்ள லைப்பேஸ் என்னும் நொதி அந்த எண்ணெயை உடைக்கத் தொடங்குகிறது. சில நாளில் காறிப்போகும். காறிய தவிட்டில் போட்ட படுகை எவ்வளவு கிளறினாலும் கசக்கும். தீர்வு இல்லை, கொட்டிவிட வேண்டியதுதான்.

ஜப்பானில் காசு போட்டு நெல்லரிசியைத் தீட்டிக்கொள்ளும் சாவடிகள் சாலையோரம் இருக்கின்றன. பல இடங்களில் தவிட்டை இலவசமாக அள்ளிக்கொள்ளலாம். அன்று தீட்டியதை அன்றே பயன்படுத்துங்கள், மிச்சத்தை உறையவைத்துவிடுங்கள். முடியாவிட்டால் கடையில் கிடைக்கும் வறுத்த தவிடு. சூடு பட்டதும் நொதி செத்துவிடுவதால் அது நாள்படத் தாங்கும். தமிழ்நாட்டில் முயல்வோர் மாட்டுத்தீவனக் கடைத் தவிட்டை நாட வேண்டாம். அதில் உமி கலந்திருக்கலாம், எண்ணெய் எடுத்த சக்கையாகவும் இருக்கலாம். தெரிந்த ஆலையில் பச்சரிசி தீட்டும் நாளில் கேட்டு வாங்கி, சலித்து, வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். நம் வெயிலில் படுகையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தே வளர்க்க நேரும். காய் ஊற ஒன்றிரண்டு நாள் ஆகும், புரட்டல் வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

தவிட்டை நீக்கிவிட்டு வெள்ளரிசியை உண்ட எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தாருக்கு பெரிபெரி வந்தது; 'எடோ நோய்' என்றே அதற்குப் பெயர் இருந்தது. அந்நோயைத் தீர்க்கும் பொருளைத் தவிட்டிலிருந்து 1910-இல் பிரித்தெடுத்தவர் சுசுகி உமேதாரோ. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். படுகையில் ஊறும் காய் அந்த பி1-ஐத் தவிட்டிலிருந்து வாங்கிக்கொள்கிறது.

பூண்டு பச்சையாகிவிட்டது

மணத்துக்காகப் போட்ட பூண்டுப்பல் மயில்துத்தம்போல நீலப்பச்சையாகும். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தோடு சேர்ந்து செய்யும் வேடிக்கை. சாப்பிடலாம்.

நிறப் பூசணம், புழு

பச்சை, கறுப்பு, சிவப்பு, இளஞ்சிவப்பு. ஓரிடத்தில் காசளவு இருந்தால் சுற்றிலும் ஆழத்திலும் சில சென்டிமீட்டர் தாராளமாகத் தோண்டி எறிந்து, பாத்திரத்தின் உட்சுவரைத் துடைத்து, உப்பும் கடுகும் சேர்க்கலாம் என்று பழகியவர்கள் சொல்வார்கள். பரவலாக இருந்தால், அல்லது புரட்டிய உள்பக்கத்திலும் நிறம் தெரிந்தால், முழுவதையும் எறியுங்கள். உடல்நலம் குன்றியவர்களோ சிறு குழந்தைகளோ உண்ணும் வீடு என்றால் காசளவுக்கே எறிந்துவிடுவேன். பெரும்பாலும் பூசணம் தொடங்குவது படுகையில் இல்லை, விளிம்பில் ஒட்டிக் காய்ந்த தவிட்டில். புரட்டி முடித்ததும் ஈரத்துணியால் விளிம்பைத் துடைக்கும் அந்த அரை நிமிடத்தைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறோம்.

புழு என்றால் பழ ஈ புகுந்து முட்டையிட்டிருக்கிறது. எறியுங்கள். அடுத்த முறை மூடிக்கு அடியில் நெருக்கமான துணி கட்டுங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பினால்

மூன்று நான்கு நாள் என்றால் குளிர்பதனப் பெட்டி போதும். ஒரு மாதம் என்றால் காய்களை எல்லாம் எடுத்துவிட்டு, தவிடும் உப்பும் சேர்த்துக் கெட்டியாக்கி, மேலே விரல் தடிமனுக்கு உப்பு பரப்பிப் பெட்டிக்குள் வையுங்கள். திரும்பியதும் அந்த உப்பை வழித்தெடுத்த பிறகே புரட்ட வேண்டும். நான் அவசரத்தில் அப்படியே கலந்துவிட்டு மூன்று வாரம் எறிகாய் புதைத்து உப்பிறக்கினேன். அதற்கும் நீண்ட பயணம் என்றால் உறையவைக்கலாம். எல்லாப் பாக்டீரியாவும் பிழைக்காது, ஆனால் மீண்டும் வீடு நிறையும் அளவுக்கு மிஞ்சும். வீட்டில் இருக்கும்போதே இரண்டு கைப்பிடியை எப்போதும் உறையவைத்திருப்பது நல்லது. பூசணம் முழுப் படுகையைக் கொண்டுபோன நாளில் அதுதான் விதை.

அவசரத்துக்கு ஊறவைக்கும் காயை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உப்பில் சில மணி நேரம் பிசைந்து வைக்கும் 'அசாசுக்கே'யில் புளிப்பும் இல்லை, காவலும் இல்லை. 2012 ஆகஸ்டில் வட ஜப்பானின் ஹொக்கைதோவில் அப்படிப் போட்ட சீன முட்டைக்கோஸில் ஓ157 வகை ஈ.கோலி புகுந்து 8 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சட்டம் இறுகியது. ஊறுகாய் விற்க உரிமம் கட்டாயம் என்ற திருத்தம் 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது; பழையவர்களுக்குத் தந்த அவகாசம் 2024 மே மாதத்தோடு முடிந்தது. அடுக்களையை மாற்றிக் கட்ட முடியாத பல மூதாட்டிகள் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அசாசுக்கே செய்வதானால் காயை நன்றாகக் கழுவி, குளிரில் வைத்து, அன்றே தின்றுவிடுங்கள்.

படுகை பெருகி வழிகிறது

எல்லாக் கோளாறுக்கும் தவிடு சேர்க்கச் சொன்னேன். ஆறு மாதம் இதைக் கடைப்பிடித்தால் பாத்திரம் நிரம்பிவிடும். பாதியை யாருக்காவது விதையாகக் கொடுக்கலாம். வாங்க ஆள் இல்லையென்றால் கொகுராக்காரர்களைக் கேளுங்கள். மத்தியையோ கானாங்கெளுத்தியையோ இஞ்சி, சோயா சாஸ், சர்க்கரை, கொஞ்சம் மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) சேர்த்துச் சிறுதீயில் வேகவைத்து, பாதி வெந்ததும் முதிர்ந்த படுகையிலிருந்து மூன்று நான்கு கரண்டி அள்ளி அதில் கரைத்துவிடுவார்கள். பிறகு இன்னும் சிறுதீ, குழம்பு சுண்டி மீனில் பூசிக்கொள்ளும்வரை. 'நுக்காதாக்கி' என்று பெயர். மீனின் கவிச்சி போய்விடும், முள் மெத்தென்றாகும். சோயாவைக் குறைத்தே ஊற்றுங்கள், படுகையில் உப்பு இருக்கிறது. அடுத்த நாள் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று மேல்வீட்டு மூதாட்டி சொல்வார். ஒரு நாளும் அடுத்த நாள்வரை மிஞ்சியதில்லை என்பதால் எனக்கு அது தெரியாது.